பீடத்தடியில் விட்டுப்போன பிடியரிசி

கொன்ஸ்ரன்ரைன் உயிரோடு திரும்பி வந்த செய்தி லூர்த்தம்மாவுக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. முதலில் அவன் தாய் அன்ரோனெற்றின் குழறல். செத்த வீட்டுக் குழறல் ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. லூர்த்தம்மா அரிசி களைந்த கையோடு ஓடிப்போய் வேலிப் பொட்டின் ஓட்டைக்குள்ளால் பார்த்தாள். முற்றத்தில் தாயைக் கட்டிப்பிடித்தபடி அவன் நின்றான். ஆள் மெலிந்து, தலை மொட்டையாகி, யாரோ கொடுத்த பெரிய சேட்டுக்குள் இருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வருகிறானா என்று அவள் வாசற் படலையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

அன்ரோனெற் அவளுடைய புருஷன் யாகப்பரின் தங்கை. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரே கிடுகு வேலி. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ஆண்பிள்ளை. மாரிக்கு முன் ஒரு காலையில் ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் கோயில் வளவில் இருத்தினார்கள். சாக்கால் தலையை மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் லொறி, ஆட்டாவிட்டால் வீடு. தலையாட்டி என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது. அவன் லூர்த்தம்மாவின் மகன் யூட்டுக்கும் ஆட்டினான், கொன்ஸ்ரன்ரைனுக்கும் ஆட்டினான். இரண்டு பேரும் ஒரே லொறியில்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு மச்சாள்மார் இருவரும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார்கள். ஒருத்தி மயங்கினால் மற்றவள் தண்ணீர் தெளித்தாள். கூடப் பிறந்தவள்கூட இப்படி இருக்கமாட்டாள் என்று ஊர் சொல்லியது. மாரி முடிந்தது, ஒருத்தியின் பிள்ளை வந்துவிட்டான். அவனை ஏன் விட்டார்கள், மற்றவனை ஏன் விடவில்லை என்பது விட்டவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

சந்தோஷப்பட வேண்டும் என்று லூர்த்தம்மாவுக்குத் தெரியும். அவள் வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் தொடாதவள், செபமாலை தவறாதவள். அவள் பிடியரிசி வைக்காத மாதத்தை எங்கள் கோயில் கண்டதில்லை. உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் களைவதற்கு முன் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தகரப் பேணியில் போட்டுவைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு பீடத்தடியில் கொண்டுபோய் வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அது அகதிக் கொட்டில்களுக்குப் போகும். மற்றவர்கள் பிடியைச் சுருக்குவார்கள், லூர்த்தம்மா சுருக்கமாட்டாள். ஆனால் அன்று வேலிக்கு அந்தப் பக்கம் போய் அவனைக் கட்டிப்பிடிக்க அவளுக்குக் கால் வரவில்லை. தலையிடி என்று படுத்துவிட்டாள்.

படுத்தவளை அந்த வீடு நிம்மதியாகப் படுக்க விடவில்லை. கொடியில் அவன் சாரம் காய்ந்தது. கிணற்றடியில் அவன் இருமினான். அவனுக்கென்று அன்ரோனெற் திருக்கை மீன் வறை வறுத்த வாசம் வேலியைத் தாண்டி வந்தது. "இன்னும் படுத்துக் கிடக்கிறாய், எழும்படா எருமை" என்று தாய் பேசுவது ஒவ்வொரு விடியலிலும் கேட்டது. அந்தப் பேச்சுத்தான் லூர்த்தம்மாவை ஆகக் கூடுதலாக எரித்தது. பேசுவதற்கு அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறான். இருக்கிறவள் கொஞ்சினாலும் குற்றம், ஏசினாலும் குற்றம். பொறாமைக்குக் கண் ஒன்று, காது நூறு.

ஒருநாள் குடிதண்ணீர் பவுசருக்கு வாளிகளோடு நின்றபோது கடைக்கார றெஜினா கேட்டாள்.

"ஏன் லூர்த்தம்மாக்கா, உங்கட மருமகனை மட்டும் எப்பிடி விட்டவை?"

லூர்த்தம்மா வாளியை நிமிர்த்தி வைத்தாள். "உள்ளுக்க போய் அவைக்குத் தலையாட்டினவனை விடாமல் வேற ஆரை விடுவினம்?"

சொல்லும்போது அது இனித்தது. மாதக்கணக்காக அவள் வாயில் எதுவும் இனித்ததில்லை. இப்போது யூட் வராததற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது, திட்டுவதற்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது. அவள் எதையும் கண்டதில்லை, யாரும் அவளுக்குச் சொன்னதுமில்லை. ஆனாலும் காணாமல்போனவனைப் பெற்றவளே சொல்கிறாள் என்றால் ஊர் ஏன் சந்தேகப்படப் போகிறது?

அந்தக் காலத்தில் அது சும்மா ஒரு வசை இல்லை. அந்தப் பெயர் ஒட்டினவன் இயக்கத்தின் கையில் ஏதாவது ஒரு விளக்குக் கம்பத்தில்தான் முடிவான். கொன்ஸ்ரன்ரைனை மீன்பிடிக்க எந்த வள்ளத்திலும் ஏற்றவில்லை. கோயிலில் அவன் இருந்த வாங்கிலிருந்து ஆட்கள் எழும்பிப் போனார்கள். அவனும் தாயும் கோயிலுக்கு வருவதை விட்டார்கள். பிறகு ஒரு பின்னேரம், முன்பின் தெரியாத இரண்டு பேர் சைக்கிளில் வந்து, தலையாட்டின பொடியன்ர வீடு எது என்று துறையில் கேட்டிருக்கிறார்கள். யாகப்பர்தான் அதை வந்து சொன்னார்.

"தங்கச்சி அவனை இராமேஸ்வரத்துக்கு ஏத்தப் பாக்கிறாள்" என்றார். "கடலில நேவி, கரையில இவை. பொடியன் எங்க போய்ச் சேருவானோ."

'போகட்டும்' என்றுதான் லூர்த்தம்மாவுக்கு முதலில் தோன்றியது. இனி அந்த இருமலைக் கேட்க வேண்டாம். அடுத்ததாக, 'அங்கே போயும் அவன் உயிரோடுதானே இருப்பான்' என்று தோன்றியது. அகதி முகாமில் பருப்புச் சோற்றுக்குக் கோப்பை நீட்டப்போகிறவன் மீதும் அவளுக்குப் பொறாமை வந்தது. பொறாமைக்காரிக்கு வேறு சிறை தேவையில்லை. அவள் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு வேலிப் பொட்டைப் பார்த்தபடி அடைந்து கிடந்தாள்.

தவக்காலத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு பிடியரிசி நாளாக வந்தது. சுவாமியார் சுவிசேஷம் வாசித்தார். காணிக்கையைப் பீடத்துக்குக் கொண்டுவருகிறவன், தன்மேல் தன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைத்துக்கொண்டால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகட்டும், பிறகு வந்து செலுத்தட்டும் என்கிற பகுதி. பிரசங்கத்தில் சுவாமியார் அதைத் தொடவே இல்லை. ஷெல் பட்ட கூரையைப் பற்றித்தான் பேசினார். லூர்த்தம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் பேணியைத் தூக்கிக்கொண்டு பெண்களின் வரிசையில் நடக்கத் தொடங்கியபோது அந்த வார்த்தையும் கூடவே நடந்தது. எத்தனையோ தரம் கேட்ட வார்த்தைதான். வேதத்தைக் கேட்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, செய்யச் சொல்லும்போதுதான் காது மந்தமாகும். அவள் தனக்குள் வழக்காடினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான், மனத்தாங்கல் எனக்குத்தானே இருக்க வேண்டும்? ஆனால் உனக்கு யார்மேல் மனத்தாங்கல் என்று யேசுநாதர் கேட்கவில்லை. உன்மேல் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவளுக்கு அதைச் செய்யக் கொஞ்சமும் விருப்பமில்லை. விருப்பம் வந்தபிறகு செய்யலாம் என்றும் அங்கே சொல்லியிருக்கவில்லை.

பீடத்தடியில் பேணியை வைத்தாள். மற்றவர்களைப்போல் கும்பிட்டுவிட்டு வாங்குக்குத் திரும்பாமல், நடுவழியால் நேரே நடந்து வெளியே போனாள். பின்னால் வந்த றெஜினா, மனுசிக்கு மயக்கமாக்கும் என்று பேணியும் கையுமாக நின்றுவிட்டாள். வரிசையே நின்றது. ஆண்கள் பக்கத்திலிருந்து யாகப்பர் எட்டிப் பார்த்தார்.

அன்ரோனெற் அடுப்படியில் இருந்தாள். மகனுடைய உடுப்பு ஒரு சீலைப் பைக்குள் கட்டிக் கிடந்தது. லூர்த்தம்மா வாசலிலேயே நின்றாள்.

"கொன்ஸ்ரன்ரைன் தலையாட்டினவன் எண்ட கதை என்னட்ட இருந்துதான் வெளிக்கிட்டது, மச்சாள்."

"தெரியும்" என்றாள் அன்ரோனெற், அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமல். "றெஜினா அண்டைக்கே வந்து சொன்னவள்."

"நான் ஒண்டையும் காணேல்லை. பொய்தான் சொன்னனான். என்னை மன்னியுங்கோ."

அன்ரோனெற் எழும்பினாள். அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று லூர்த்தம்மா எதிர்பார்த்திருந்தால் அது பிழை.

"ஊருக்குச் சொன்னதை எனக்கு வந்து மன்னிப்புக் கேட்டால் சரியோ? அடுப்படிக்குள்ள வந்து சொல்லிறியள். என்ர பிள்ளையைக் கொல்ல வாறவை அடுப்படியில வந்தோ கேக்கப் போகினம்? முடியுமெண்டால் கோயிலுக்க வைச்சுச் சொல்லுங்கோ. இல்லாட்டி என்ர வாசலில நிக்காதேங்கோ."

லூர்த்தம்மாவுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் இறங்கி வந்தேனே, போதாதா? பிள்ளையும் இவளுக்கு, வீறாப்பும் இவளுக்கா? திரும்பிப் போயிருப்பாள். ஆனால் பேணி அங்கே பீடத்தடியில் இருந்தது. பாதிச் சமாதானத்தோடு அதைத் தூக்க முடியாது.

"அவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

அவர்கள் கோயிலுக்குள் வந்தபோது சனங்கள் நற்கருணை நன்மை வாங்கி முடிந்து, சுவாமியார் அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார். மற்றப் பேணிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். லூர்த்தம்மாவின் பேணியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அவள் அதன் பக்கத்தில் போய் நின்று சனங்களைத் திரும்பிப் பார்த்தாள். சுவாமியார் வாசித்த கடதாசியைக் கீழே இறக்கினார்.

"எல்லாரும் கேளுங்கோ. இவன் தலையாட்டினவன் எண்டு முதல் சொன்னது நான். நான் கண்டதும் இல்லை, எனக்கு ஒருத்தரும் சொன்னதும் இல்லை. இவன் வந்திட்டான், என்ர பிள்ளை வரேல்லை. அது எனக்குப் பொறுக்கேல்லை. பொறாமையில சொன்னனான். அது பொய்."

றெஜினா சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து யாகப்பர் எழும்பி வந்து, கொன்ஸ்ரன்ரைனின் தோளில் கையை வைத்தார்.

"காணாமல் போனது என்ர பிள்ளை. எனக்கு இவனில ஒரு குறையும் இல்லை. ஆரும் விசாரிச்சுக்கொண்டு வந்தால் என்னட்ட அனுப்புங்கோ" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "நாளைக்கு வள்ளத்துக்கு வா" என்றார்.

அவருடைய வள்ளத்தில் யூட் இருக்கிற இடம் அன்றுவரை வெறுமையாகத்தான் கிடந்தது. யாரையும் ஏற்ற லூர்த்தம்மா விட்டதில்லை. யாகப்பர் மனுசியின் முகத்தைப் பார்த்தார்.

"கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் அவள். பிறகு குனிந்து பேணியை எடுத்து, பீடத்தின்மேல் வைத்து, முழந்தாளிட்டாள்.

நெஞ்சுக்குள் இத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்ததை அவள் தேடிப் பார்த்தாள். அது இல்லை. யூட் இல்லாத துக்கம் இருந்தது. அதில் இப்போது அன்ரோனெற் இல்லை, அவள் மகன் இல்லை, றெஜினா இல்லை. யூட் மட்டும் இருந்தான். லொறியில் அவனை ஏற்றிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குச் சரியாக மூச்சு வந்தது. அவள் அங்கேயே அழுதாள். அன்ரோனெற் பின்னால் வந்து நின்றாள். தொடவில்லை, ஆனால் போகவும் இல்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் லூர்த்தம்மா கொன்ஸ்ரன்ரைனைக் கேட்டாள். அவன் வந்த அன்றே எந்தத் தாயும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"தம்பி, நீ யூட்டைக் கடைசியா எப்ப கண்டனீ?"

அவன் நின்றுவிட்டான். "மாரிக்குள்ள, மாமி. வேற இடத்துக்கு ஏத்த எண்டு கூப்பிட்டவை. அதுக்குப் பிறகு காணேல்லை. போகேக்க உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவன். வந்தண்டைக்கே சொல்ல வந்தனான், நீங்கள் தலையிடி எண்டு படுத்திட்டியள். பிறகு என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பினியள்."

"என்ன சொன்னவன்?"

"நீ முதல் போனால் எங்கட வீட்டில போய்ச் சாப்பிடு எண்டவன். ஐயா கடலுக்குப் போனால் அம்மா தனிய இருந்து சாப்பிடமாட்டா, வெறும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திடுவா, நீ போய் இருந்தால் சாப்பிடுவா எண்டு சொன்னவன்."

லூர்த்தம்மா அன்ரோனெற்றைப் பார்த்தாள். அன்ரோனெற் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடா, மாமியோட போ" என்றாள்.

அன்று வீட்டில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. சோறும் ஒரு சொதியும் கருவாட்டுப் பொரியலும்தான். அவனுக்குக் கோப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் சோற்றில் கை வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னொரு கோப்பையை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் இருந்து சாப்பிடத் தொடங்கினாள்.