நாடு வரும் வரைக்கும் சாம்பல்

1

இந்தக் கதை நான் குடியேறிய அந்நிய நாட்டில், பிளாக்டவுன் நூலகத்தில், நான் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பிறந்தது. கையில் அகப்பட்டது தியோடர் ஹெர்ஸலின் வாழ்க்கை வரலாறு. யூதருக்கு ஒரு நாடு வேண்டுமென்று அரசர், அமைச்சர் வாசலெல்லாம் ஏறி இறங்கிய வியன்னாப் பத்திரிகைக்காரர். நாடு கிடைக்கவில்லை. 1904இல், நாற்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தார். யூதர்கள் தன்னைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுபோகும் வரை வியன்னாவில் தகப்பனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லி எழுதிவைத்தார். நாடு 1948இல் வந்தது. அடுத்த வருடம் பெட்டியைத் தோண்டி எடுத்து விமானத்தில் ஏற்றினார்கள்.

(அங்கே ஏற்கெனவே இருந்த அரபு மக்களுக்கு நடந்தது இந்தக் கதையில் இல்லை. இல்லை என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.)

இதுவரை சரித்திரம். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'சச்சிதானந்தன் ஒரு இலட்சியவா—'

வெட்டிவிட்டேன். வாயைத் திறந்தாலே மேடைப்பேச்சாகிவிடுகிற மனுசன். அதனால் தொடக்கத்திலேயே அவரைச் சாகடித்துவிட்டேன்: மாரடைப்பு, பக்கத்து ஊர் செவன் ஹில்ஸ், 1978. யாழ்ப்பாணத்து எஞ்சினியர். போன வருடம் ஊரில் தமிழர் அடிபட்ட கலவரத்துக்குப் பிறகு, தமிழருக்குத் தனிநாடு என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. அவரையும் அதே புத்தகத்தை வாசிக்க வைத்தேன். வந்தது வினை. நாடு கிடைத்த பிறகுதான் தன் சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டுமென்று மனைவி யோகாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஹெர்ஸல் பெட்டியில் கிடந்தார், காத்திருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்குள் சாம்பல் கடலில் கரையாவிட்டால் ஆத்மா அலையும் என்று யோகா அக்கா நம்புகிறார். நாளைக்கு முப்பத்தோராம் நாள்.

3

முடிவு ஒன்று: விடிய இங்கத்தைய மான்லிக் கடற்கரை, அலை, கண்ணீர். (நல்லாய்த்தான் இருக்கிறது. சத்தியம் என்னாவது?)

முடிவு இரண்டு: சாம்பல் குசினி அலுமாரியில், அரிசிக்குப் பக்கத்தில், இருபது வருடமாக— (எழுதுகிற எனக்கென்ன, வைத்திருக்கப் போவது யோகா அக்காவல்லவா?)

பேனையை மூடப்போனபோது கதைக்குள்ளிருந்து யோகா அக்கா கேட்டார்.

"தம்பி, அந்த ஹெர்ஸல் மனுசன்ரை பெண்சாதி பிள்ளையளுக்கு என்ன நடந்தது?"

இதைக் கேட்பாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண்சாதி மூன்று வருடத்தில் செத்தார் என்றேன். ஒரு மகள் நாஜிகளின் முகாமில் செத்தாள், நாடு வர ஐந்து வருடம் இருக்கும்போது.

"ஓம்," என்றார். "இவர் எனக்கு இதைச் சொல்லேல்லை."

தகனசாலையில் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கதை எழுதுறது நீர்தானே. நாடு எப்ப வரும் எண்டதையும் எழுதிவிடும், நான் வைச்சிருக்கிறன். வராதெண்டால் அதைச் சொல்லும், விடியக் கடலுக்குப் போறன்."

'நாடு—' என்று எழுதினேன். வெட்டினேன். மறுபடியும் எழுதினேன். நான் 1978இல் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

நீங்கள் எந்த வருடத்தில் இருந்து வாசிக்கிறீர்களோ, உங்களுக்குத் தெரிந்திருக்கும். யோகா அக்கா கதிரையில் இருக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.