செந்தமிழ் என்ன ஆகப் போகிறாள்?

1

இந்தக் கதை ஒரு திட்டில் பிறந்தது. மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் உப்பளத் தொழிலாளி ஒருவர், பிளஸ் டூ முடித்த மகளை உலுக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நாலு வருசமா கேக்குறேன், என்னாதான் ஆகப் போறே?" அந்தப் பெண் சிரித்தாள். திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிற பிள்ளையை நான் பார்த்ததேயில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

அவளுக்குச் செந்தமிழ் என்று பெயர் வைத்தேன். அப்பாவுக்கு அசோகன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

"உப்புப் பாத்திகளின் மேல் சூரியன்..."

வேண்டாம். எல்லாக் கதையிலும் அதுதான் உதிக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் செந்தமிழ், போலீஸ் ஆகணும் என்றாள்.

(ஆ, இது ஓடுகிறது!)

சொன்னது ரேணுகாவிடம். கூனிமேட்டுப் பெண், ஆரோவில்லில் அலுவலக வேலை. ஞாயிறுதோறும் ஸ்கூட்டியில் மரக்காணத்துக்கு வந்து பள்ளிப் பிள்ளைகளோடு உட்காருவாள். பாடத்தில் சந்தேகம் கேட்கலாம். கேட்காமல் ஊர்க்கதையும் பேசலாம்.

"போலீஸா? சரி வா, போய்ப் பாத்துட்டு வரலாம்."

ஸ்டேஷனுக்குப் போய்ப் பெண் போலீஸ் ஒருவரிடம் பேசிவிட்டு வந்தார்கள். பத்தாம் வகுப்பில் நர்ஸ் ஆசை, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினொன்றில் கேக் செய்கிற ஆசை. பேக்கரி அடுப்புக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நின்றாள்.

"பிடிச்சுதா?"

"கொஞ்சம்க்கா."

"கொஞ்சம்னாலும் பிடிச்சிருக்குதே. வெச்சுக்கோ."

அந்த வருடம் காலாண்டில் கணக்கில் ஃபெயிலானாள். ரேணுகா மேசையை ஓங்கித் தட்டி—

இல்லை. கதைக்கு மோதல் வேண்டுமே என்று எழுதிப் பார்த்தேன். அவள் கை ஓங்கவே மாட்டேன் என்கிறது. "எந்தக் கணக்குல மாட்டிக்கினே? அத மட்டும் இன்னிக்குப் பாப்போம்" என்றாள். அரையாண்டில் செந்தமிழ் தேறினாள்.*

* எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். தேறினாள்.

3

மோதல் அசோகனிடமிருந்து வந்தது. பிளஸ் டூ முடிந்த கையோடு, புதுச்சேரியில் நர்ஸிங் சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

"திங்கக்கெழம சேத்துடுவேன். ஏம்மா ரேணுகா, இன்னும் எத்தினி வருசம் போய்ப் பாத்துக்கினே இருப்பீங்க?"

செந்தமிழின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. ரேணுகா வாதாடவில்லை.

"அண்ணே, சர்வேயர் படிக்கிற பசங்க நாளைக்கு உங்க உப்பளத்துக்கே பயிற்சிக்கு வர்றாங்க. இவளுக்கு இப்ப அந்த ஆசை, பாக்கணுங்கிறா. நீங்களும் வாங்களேன்."

"நான் எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

வந்தார். வரப்பில் முக்காலித் தாங்கியை நிறுத்தி, மேலே பழைய அளவைக் கருவியை ஏற்றியிருந்தார்கள். செந்தமிழ் கண்ணை வைத்ததும் கத்தினாள்: "அக்கா! உப்புக் குவியலெல்லாம் மேலேர்ந்து தொங்குது!"

பழைய கருவி, எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும் என்று பயிற்சி ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள், அசோகன் மகளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார்.

இங்கே அவர் மனம் மாறியதாக ஒரு பத்தி எழுதி, கொஞ்சம் கண்ணீரும் சேர்த்திருந்தேன். அடித்துவிட்டேன். ஏனென்றால், மனிதர் கண்ணையே எடுக்கவில்லை.

"நவுருப்பா, நான் பாக்கணும்."

"இருடி! நம்ம பாத்தி தெரியுது. பாவாடை தலைகீழா நடந்து வர்றான்!" உப்பு வாரும் கூட்டாளியைப் பார்த்துக் கைதட்டினார். "டேய் பாவாடை, வுழுந்துடாதடா!"

பிறகு, நிமிராமலே ஆசிரியையிடம் கேட்டார்: "இதப் படிக்க வயசு எத்தினி வரைக்குங்க?"

4

அங்கிருந்தே புதுச்சேரிக்குப் போன் போட்டார். "அந்த சீட்ட வேற புள்ளைக்குக் குடுத்துடுங்க. எம் பொண்ணு இன்னும் பாத்துக்கினு இருக்குது."

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன. ஒன்றில் அவள் சர்வேயர். மற்றதில் நர்ஸ், தானே விரும்பி, அடுத்த வருடம். இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றை இப்போது சொன்னால், திங்கட்கிழமைக்குள் சேர்த்துவிடுகிற ஆளாக நானும் ஆகிவிடுவேன்.

உங்களுக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றியிருக்கலாம். சொல்லுங்கள், ஆனால் மெதுவாக. அசோகன் இப்போதுதான் ஒருவழியாகக் கருவியை விட்டு நகர்ந்திருக்கிறார், அவள் குனிகிறாள்.