படிக்கட்டில் நின்ற அப்பா

வாசல் கேட்டில் கட்டியிருந்த அஞ்சலி பேனரின் முடிச்சு அவிழவில்லை என்றதும், கயிற்றைப் பல்லாலேயே கடித்து இழுத்தாள் மகள். பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்தவள். தோள்பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. உள்ளே கூடத்தில் அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கண்றாவியைப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

பேனரில் அப்பா மேகத்துக்குள் ஏறும் படிக்கட்டு ஒன்றில் நின்றிருந்தார். உச்சியில் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். கழுத்துக்கு மேலே பட்டறை அடையாள அட்டையிலிருந்த முகம். கழுத்துக்குக் கீழே எவனுடைய உடம்போ, வெள்ளை முழுக்கைச் சட்டையில். போதாததற்கு இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு வேறு நின்றார்.

"ஏய், என்ன பண்ற? எல்லாரும் பாக்கறாங்க" என்று அண்ணன் ஓடி வந்தான்.

"பாக்கட்டும். யாருண்ணா இது? நம்ம அப்பாவா? யாரைக் கும்பிடுறாரு? அந்தக் கதவுக்குப் பின்னாடி யாரு உக்காந்திருக்கா?"

"நான்தான் போடச் சொன்னேன். விடு. வண்டி வர்ற நேரம்."

"வெக்கமா இல்ல உனக்கு? பட்டறை ஆளுங்க வந்து பாத்தா காறித் துப்புவாங்க. உசுரோட இருந்த வரைக்கும் யாருக்கும் குனியாத மனுஷன். செத்ததும் கும்பிடு போட வெச்சுட்டியே!"

 அண்ணன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சண்டை என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான்.

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா மரப்பட்டறையில் ரம்பம் ஓட்டியவர். கடவுள் என்று யாராவது பேச்செடுத்தாலே எரிந்து விழுவார். கடைகளில் கொடுக்கும் காலண்டரில் சாமிப் படம் இருந்தால் கத்தரித்து எறிந்துவிட்டு, தேதித் தாளை மட்டும் சுவரில் மாட்டுவார். "செத்தா அவ்வளவுதான். மேலயும் ஒண்ணும் இல்ல, கீழயும் ஒண்ணும் இல்ல" என்பார். அந்த மனிதரைப் போய் மேகத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வயிறு எரியாதா?

பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனை அச்சுக்கடைக்கு விறுவிறுவென்று நடந்தாள். அங்கே கடைக்காரர் கணினியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பதிலா வேற அடிச்சுக் குடுங்க. அவசரம். சாமி, மேகம், வெளிச்சம் ஒண்ணும் வேணாம். எங்கப்பாவுக்கு அதுல நம்பிக்கை கிடையாது."

"அடிச்சிரலாம்மா. பின்னாடி என்ன படம் போடட்டும்?" அவர் திரையில் வரிசையாகப் படங்களைத் திறந்தார். "புறா?"

"சமாதானத்துக்கா? எங்கப்பா ஒரு நாளும் சமாதானமா இருந்ததில்ல."

"மெழுகுவத்தி? எல்லாருக்கும் பொது."

"அது ஆத்மாவாம். வேணாம்."

"ஓங்கின கை ஒண்ணு இருக்கு, தேர்தலுக்குப் போட்டது. கொடிய மட்டும் அழிச்சிட்டாப் போதும். இல்ல, தைரியத்துக்குன்னு சிங்கம்..."

"செத்த வீட்டு வாசல்ல சிங்கமா? உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. இல்லைங்கறதுக்கு எங்கிட்ட படம் இல்ல. அவரு எதை நம்பினாருன்னு சொல்லுங்க, தேடித் தரேன்."

 எதை நம்பவில்லை என்று கேட்டிருந்தால் பொழுது சாயும்வரை பேசியிருப்பாள். உழைப்பு என்று சொன்னால் கடைக்காரர் சுத்தியல் படத்தைக் காட்டுவார். அறிவு என்றால் எரிகிற பல்பைக் காட்டுவார். இப்போது அவளுக்கு அப்பா மேலேயே ஆத்திரம் வந்தது. எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்த மனிதர், பதிலுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"வெள்ளையா விட்டுடுங்க" என்றாள்.

"விடலாம். மை தீந்துபோச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு என்னைத்தான் பேசுவாங்க." அவர் தயங்கினார். "உங்கம்மா காலையில வந்து உக்காந்து, ஒவ்வொண்ணாப் பாத்துதான் எடுத்தாங்க. கும்பிடற மாதிரி உடம்புதான் வேணும்னு கேட்டதும் அவங்கதான். அண்ணன் சொல்லலையா?"

பேனரோடு அவள் வீட்டுக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி, உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீயா இதைப் போடச் சொன்ன? அவர் கண்ணை மூடினதும் பழி வாங்குறியா?"

"ஆமாடி, வாங்குறேன்." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "நாப்பது வருஷம் அந்த மனுஷனோட 'இல்லை, இல்லை'யோடயே குடும்பம் நடத்தினேன். அவர் கத்தரிச்சு எறிஞ்ச படத்தையெல்லாம் குப்பையிலேர்ந்து யாரு பொறுக்கினான்னு நினைச்ச? கட்டிலுக்கு அடியில பெட்டியில இருக்கு, பாரு. அவர் வேலைக்குப் போனப்புறம் என் சொந்த வீட்டுலயே நான் திருட்டுத்தனமாக் கும்பிடுவேன். அவருக்கு இல்லைன்னா எனக்கும் இல்லையா? நீயும் அவர்கூடச் சேந்துக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவதானே!"

"அதுக்காக அவரைப் பொய்யா நிக்க வெப்பியா?"

"எனக்கு அவரை இன்னொரு தடவை பாக்கணும்டி. செத்தா அவ்வளவுதான்னா, நான் எங்க போய்ப் பாக்கறது? சொல்லு!"

 மகளுக்குக் கோபம் தணியவில்லை. பேனரைக் கட்டில்மேல் விரித்து எறிந்தாள். "நல்லாப் பாரு. இதுவா அவரு?"

அடித்து வந்ததை அம்மா அப்போதுதான் பார்க்கிறாள். குனிந்து, முகத்தைத் தடவினாள், சட்டையைத் தடவினாள், கைகளுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"விரல் தப்பு" என்றாள்.

அப்பாவின் வலது கையில் சுண்டுவிரல் முழுசாகவும் மோதிர விரல் பாதியும் கிடையாது. ரம்பம் கொண்டுபோய்விட்டது. பட்டறையில் அவருக்கு எட்டரை என்றே பெயர். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மகள் பள்ளிக்கூடம் போனாள். பேனரில் கும்பிட்ட கைகளிலோ பத்து விரல்களும் பளபளவென்று இருந்தன. இந்தக் கைகளைக் காட்டித்தான் தெருவே கேட்கும்படி இவ்வளவு நேரம் கத்தினாள், ஒரு தடவையாவது விரலைப் பார்த்தாளா? கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"எவன் கையையோ ஒட்டி வெச்சிருக்கான், பாவி" என்று சொல்லிக்கொண்டே அம்மா மேசை இழுப்பறையைத் திறந்தாள். அப்பாவுக்கு ஊசிக் குழாய் நகராமல் இருக்க ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரியில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து, பேனரில் வலது கைச் சுண்டுவிரலை மறைக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள்.

"அப்ப கும்பிடறது அப்படியே இருக்குமா?" என்று கேட்டாள் மகள்.

"இருக்கும்."

"எனக்குப் பிடிக்கல."

"பிடிக்க வேணாம். சுருங்காம இழுத்துப் புடி."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பேனரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தாள். சுண்டுவிரலின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி மேகத்தின் வெள்ளையோடு சேர்ந்துகொண்டது. அடுத்த துண்டை அம்மா கொஞ்சம் நீளமாகக் கிழித்து ஒட்டியதில், மோதிர விரல் அடிவரைக்கும் மறைந்துபோனது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் கதவைத் தட்டினான்.

"அம்மா, பாதி விரல் இருக்கணும்" என்றாள் மகள்.

அம்மா பிளாஸ்திரியை நகத்தால் மெல்ல உரித்து, கணு தெரியும்படி கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டினாள்.