ஐந்து நகரங்களுக்கு ஒரு வெள்ளோட்டம்

உலகத்தில் எந்த ராஜாவுக்கும் வராத சிக்கல் எனக்கு வந்தது. கையில் ஐந்து வெளிநாட்டு நகரங்கள். மனைவிக்கு ஒரே ஒரு வாரம் லீவு.

நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். என்னிடம் நேரம் கடல்போலக் கிடக்கிறது, அள்ளி அள்ளி ஊற்றினாலும் குறையாது. அவளோ இன்னும் வேலைக்குப் போகிறவள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் முதல் அலறல் அவள் காதில்தான் விழும். எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வெளிநாடு போக வேண்டும், ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டபோது, டாக்டர் தன் பல்லையே யாரோ பிடுங்க வந்ததுபோல முகத்தைச் சுளித்தாராம். வருஷக்கணக்காக எடுக்காமல் சேர்த்து வைத்த லீவையெல்லாம் இவள் எடுத்துச் சொன்ன பிறகுதான் மனம் இறங்கினார்.

"ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கேக்கக் கூடாதும்மா."

போதாதா எனக்கு! சாப்பாட்டு மேஜையில் உலக வரைபடத்தை விரித்தேன். அன்று முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். அந்த நகரங்களின் பெயர்கள் என் வாயில் நுழைய மறுத்ததால் நானே பெயர் வைத்துவிட்டேன்: மணிக்கூண்டு ஊர், கால்வாய் ஊர், மியூசிய ஊர், பனிமலை ஊர், கடைசியாகக் கடற்கரை ஊர். காலையில் மணிக்கூண்டு, சாயங்காலம் கால்வாய் என்று பென்சிலால் குறித்தேன். தூக்கத்தை விமானத்துக்குள் திணித்தேன். பனிமலை ஊரில் குளிப்பதற்கு ஒதுக்கியிருந்த நேரத்தை, அந்தக் குளிரில் எவன் குளிப்பான் என்று பிடுங்கி மியூசியத்துக்குக் கொடுத்தேன்.

பனிமலை ஊரிலிருந்து கடற்கரை ஊருக்கு ஒரு ரயில் இருந்தது. மலையைச் சுற்றிச் சுற்றி, மாப்பிள்ளை நடை நடந்து, காலையில் கிளம்பினால் இருட்டும்போதுதான் போய்ச் சேருமாம். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இந்த ரயில்ல ஜன்னல் எவ்ளோ பெருசா இருக்குங்க."

"ஜன்னலப் பாத்தா ஆச்சா? இதுல ஏறினா ஒரு நாள் காலி" என்று சொல்லி அதை அடித்துவிட்டு விமானம் போட்டேன்.

"சரி, பாத்துக்கலாம்" என்றாள். எதைச் சொன்னாலும் அவள் பதில் அதுதான். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நான் பூரித்துப்போனேன்.

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை ஒன்று தைக்கச் சொன்னேன். மாடிப்படி இறங்குவதற்குள் ஐந்து நகரம் ஐந்து நாடாகிவிட்டது.

"அஞ்சு அறை வேணும். ஒரு நாட்டுப் பணம் இன்னொரு நாட்டுப் பணத்தோட கலந்துடக் கூடாது பாருங்க."

"அஞ்சு நாடா!" அவர் வாயிலிருந்த ஊசியை விழுங்காதது என் அதிர்ஷ்டம். "பக்கத்துத் தெருவுக்குப் போறதுக்கே நான் வழி கேக்குறவன் அண்ணே. அக்காவுக்குக் குடுத்து வச்சிருக்கு."

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தடத்தில் பஸ் விடுவதற்கு முன்னால் காலி வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். எங்கே திரும்ப முடியவில்லை, எங்கே நெரிசல், எல்லாம் அந்த வெள்ளோட்டத்தில் தெரிந்துவிடும். வெளிநாட்டுக்கு மட்டும் வெள்ளோட்டம் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பெட்டிகளை வாசலில் கொண்டுவந்து வைத்தேன். பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"ஏங்க, எனக்கு வாரத்துல இந்த ஒரு நாள்தான்."

"அதனாலதான் இன்னிக்கு வச்சேன்."

அவள் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன இது, கல்லு மாதிரி கனக்குது?"

"கல்லுதான். செங்கல்லு. நிஜப் பயணத்துல கனம் இருக்கும்ல?"

அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காய்கறி மார்க்கெட்டுதான் மணிக்கூண்டு ஊர். அங்கே பூப்போட்ட குடை ஒன்றை விரித்துப் பார்க்க அவள் நின்றாள். "ஊர் முடிஞ்சுபோச்சு, வா வா" என்று விசிலை ஊதினேன். தக்காளி விற்றவர்கூடக் கடையைக் கட்டப் பார்த்தார். பூங்காவிலிருந்த நீரூற்று, கால்வாய் ஊர்.

"இதான் கால்வாய். பாத்துட்டியா? கிளம்பு."

"சொட்டுத் தண்ணி இல்லீங்களே."

"அதெல்லாம் வெளிநாட்டுல இருக்கும்."

நூலகத்தின் படிக்கட்டுகள் மியூசிய ஊர். நாங்கள் ஏறி இறங்கிய வேகத்தில் உள்ளேயிருந்த புத்தகங்கள் எல்லாம் பக்கம் புரண்டிருக்கும். இறங்கி வந்தபோது அவள் எதுவும் பேசவில்லை. பேச்சு மிச்சம், நேரமும் மிச்சம் என்று நான் மகிழ்ந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பனிமலை ஊருக்குப் போகிற விமானம் எங்கள் கணக்கில் பாலத்தைத் தாண்டிப் போகும் பஸ்.

பஸ் வந்தது. இரண்டு பெட்டிகளையும் நானே இழுத்துக்கொண்டு பின்வாசலில் ஏறினேன். "வா, வா, ஏறு" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஏறிய சத்தம் கேட்டது. படியில் ஆள் ஏறியாயிற்று, கண்டக்டர் முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார். பழகிய உடம்பு கேட்குமா? கை விசிலை எடுத்தது, வாய் ஊதியது. இரண்டு ஊது. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் ஏறியது ஒரு கல்லூரிப் பையன். என் மனைவி நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு பயணியைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை என்று மார்தட்டியவன் நான். பதறிப்போய் மறுபடி விசிலை ஊதினேன். ஒரு ஊது என்றால் நிற்க வேண்டும். நான் எத்தனை ஊதினேன் என்று எனக்கே தெரியவில்லை. வண்டி இன்னும் வேகமாகப் போனது. பாலத்தின் மேல் ஏறிவிட்டால் நிறுத்தமே கிடையாது.

"நிறுத்துங்க! என் வீட்டுக்காரி கீழ இருக்கா!"

பஸ் மொத்தமும் திரும்பியது. அப்போதுதான் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். என்னோடு எத்தனையோ வருஷம் ஒரே வண்டியில் ஓடியவன். நாங்கள் குண்டு என்று கூப்பிடுவோம்.

"அண்ணே, நீங்களா! உங்க விசில் காதுல விழுந்தா என் காலு தானா அமுக்கிடுதுண்ணே!" என்று கத்திக்கொண்டே பாலத்தின் மறுமுனையில் ஒரு பிரேக் போட்டான். பெட்டி சாய்ந்து வாயைப் பிளந்தது. செங்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவழியில் உருண்டன.

"பெரியவரே, வீடு கட்டப் போறீங்களா?" என்றார் ஒருவர்.

"பொண்டாட்டியயே விட்டுட்டு வந்தவருக்கு வீடு எதுக்கு?" என்றாள் ஒரு பெண். அந்தச் சிரிப்பில் பாலமே ஆடியிருக்கும். நான் குனிந்து செங்கல் பொறுக்கினேன். குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். அழுதிருப்பாளோ, கிளம்பிப் போயிருப்பாளோ என்று ஆயிரம் வந்தது மனதில். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நட்ட நடுத் தெருவில், பட்டப் பகலில், பெஞ்சின் மூலையில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படி ஒரு தூக்கம். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெண், என் மனைவியின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்க" என்றாள் என்னிடம், விரலை உதட்டில் வைத்து. "எங்க பல் டாக்டர்கிட்ட போன் எடுக்குற அக்கா. போன்லயே பாதி வலிய எடுத்துடுவாங்க. பாவம், அசந்து தூங்குறாங்க. நீங்க யாரு?"

நான்தான் கணவன் என்று சொல்லியிருக்க வேண்டும். பெட்டி இரண்டு, விசில் ஒன்று, வெட்கம் ஒரு மலை.

"சும்மா... பஸ்ஸுக்கு நிக்குறேன்."

"இவங்க வீட்டுக்காரரு இவங்கள விட்டுட்டுப் போயிட்டாராம். நடு ரோட்டுல! விசில் ஊதிட்டு! 'வருவாரும்மா'ன்னு சொல்லிட்டு அப்படியே கண்ணு சொருகிட்டாங்க. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

"ச்சே ச்சே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய்க்கு எப்போது நிறுத்தம் தெரிந்தது? "அவனெல்லாம் ஒரு ஆளா? கட்டினவளக் காணலன்னுகூடத் தெரியாம போறவன் மனுஷனா?" என்று என்னை நானே கிழித்துத் தோரணம் கட்டினேன்.

என் மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள். ஒரு கண்ணை மட்டும். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாளோ! கழுத்து விசிலைச் சட்டைக்குள் தள்ளினேன். அது பாழாய்ப்போனது, வெளியே வந்து ஆடியது.

"யாரும்மா இவரு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"பஸ்ஸுக்கு நிக்குறாராம்க்கா."

"அப்படியா" என்றாள் என் மனைவி. "எனக்குப் பழக்கமில்ல."

எங்கள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்தது. அந்தப் பெண்ணிடம் "நாளைக்கு வெறும் வயித்தோட வராதீங்க, சாப்பிட்டு வாங்க" என்று சொல்லி, கைப்பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். நான் செங்கல்லோடு பின்னால் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்டக்டரிடம் "ஒண்ணு" என்றாள். ஒன்றுதான். அடுத்து அவர் என்னிடம் வந்தார். நானும் "ஒண்ணு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படி ஜன்னலைப் பார்ப்பதை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் எப்போதும் நான் நின்றுகொண்டே இருந்தவன் அல்லவா!

வீட்டுக்குள் வந்ததும் மேஜையருகே நின்றாள்.

"சேத்து வச்சது என் லீவுங்க. அத எடுத்து அஞ்சு ஊருக்குப் பங்கு போட்டுட்டீங்க. எனக்கு ஒரு பங்கு வச்சீங்களா?"

"நீ எல்லாத்துக்கும் சரின்னியே..."

"வலியில கத்துறவங்ககிட்ட என்ன சொல்வேன்? சரி, பாத்துக்கலாம்பேன். அவங்களும் கேக்கற நிலையில இருக்க மாட்டாங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பல்வலிக்காரன் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டு. ரப்பரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"நீயே சொல்லு."

அவள் முதலில் மணிக்கூண்டை அழித்தாள். கால்வாயை அழித்தாள். மியூசியத்தை அழிக்கும்போது எனக்கு மூச்சு நின்றே போனது. பனிமலையும் கடற்கரையும் மிஞ்சின. நடுவில் நான் அடித்துப்போட்ட ரயிலின் மேல் விரலை வைத்தாள்.

"இது வேணும். ஒரு நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உக்காரணும். யாரும் என்னக் கூப்பிடக் கூடாது. நீங்களும்."

"நான் என்ன பண்றது அது வரைக்கும்?"

"பக்கத்துல உக்காருங்க. உக்காந்து பாருங்க ஒருதரம்."

மறுநாள் தையல்காரர் பையோடு மாடி ஏறி வந்தார். ஐந்து அறைக்கும் ஐந்து நிறத்தில் துணி வைத்திருந்தார், மகராசன். நான் தொண்டையைக் கனைத்து, "நாடு ஒண்ணுதான். ஊரு ரெண்டு" என்றேன். அஞ்சு எங்கே போச்சு என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "மிச்ச அறைய என்ன பண்ணுவீங்க அண்ணே?" என்றார். என் மனைவி பையை வாங்கி, என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றச் சொல்லி, ஓர் அறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். "அளவு சரியா இருக்கு" என்றாள் அவரிடம்.

செய்தி டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாலையில் அவளை வேலையிலிருந்து அழைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் குண்டு எங்கிருந்தாவது வண்டியோடு வந்துவிடுகிறான். வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் தலையை நீட்டி, தெருவே கேட்கும்படி கத்துகிறான்.

"அண்ணே, அண்ணி கூட இருக்காங்களா?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், இருக்கிறாளா என்று.