மல்லாட்டைக் கோப்பை

எங்கள் கல்லூரித் தாளாளர் சீனுவாசன் சாருக்குக் கபடியில் ரெய்டு எது, டிபன்ஸ் எது என்று தெரியாது. ஆனால் கபடியில் காசு இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"விழுப்புரம் மண்டலத்துலயே ஆடிக்கினு இருந்தா இன்னாம்மா வரும்? ஒரு ஷீல்டு, ஒரு துண்டு. நம்ம காலேஜைச் சென்னை லீக்ல சேர்த்துட்டேன். பைப் கம்பெனி ஒண்ணு வருஷத்துக்கு இருபது லட்சம் தருது. யூடியூப்ல லைவ் வேற!" என்றார்.

எங்கள் திண்டிவனம் கல்லூரியின் பெண்கள் அணிக்கு நான்தான் கேப்டன். பெயர் சாஜிதா, ஊர் கோட்டக்குப்பம். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இருபது லட்சம் யாருக்கு வேண்டும்? எனக்கு விழுப்புரம் கல்லூரியை ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். இதுதான் கடைசி வருடம். மண்டலம் மாறிவிட்டால் அவர்களோடு ஆட்டமே கிடையாது.

எல்லாம் மல்லாட்டையால், அதாவது வேர்க்கடலையால், வந்த ரோஷம். எங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு வரும்போது இரு அணியும் மல்லாட்டை அவித்து எடுத்துவர வேண்டும். தோற்றவர்கள் தங்கள் மல்லாட்டையை உரித்து ஜெயித்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தாங்கள் ஒன்றுகூட வாயில் போடக் கூடாது. இரண்டு வருடமாக நான் உரிக்கிறேன், விழுப்புரம் கேப்டன் அம்சா தின்கிறாள். தின்றுவிட்டு, "உப்பே இல்லடி" என்று நொட்டை வேறு சொல்வாள். அவள் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவாள். கேட்டால், "தோத்தாத்தானே உரிக்கணும்? எதுக்குத் தூக்கிக்கினு வரணும்?" என்பாள். அவ்வளவு திமிர்.

சென்னைக்குக் கிளம்பிய அன்று, பழக்கதோஷத்தில் ஒரு தூக்கு நிறைய அவித்துவிட்டேன். எங்கள் பயிற்சியாளர் ஆரோக்கியசெல்வி மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"இங்கயே தோத்துட்டு பஸ் ஏறுறியா?"

"சென்னைக்காரங்களும் மல்லாட்டை தின்னுவாங்க இல்ல மேடம்?"

சென்னையில் ஏ.சி. அரங்கம், வழுக்கும் ரப்பர் தரை, முதுகில் பைப் படம் போட்ட பனியன். எதிரணி யாரென்று திரையை விலக்கித்தான் காட்டுவார்களாம். லைவுக்கு அதுதான் கெத்தாம். புகை விட்டார்கள், டிரம் அடித்தார்கள், திரையை இழுத்தார்கள்.

அங்கே அம்சா நின்றிருந்தாள்.

அவர்கள் தாளாளரும் கமுக்கமாக இதே லீக்கில் சேர்ந்து, இதே பைப் கம்பெனியிடம் கை நீட்டியிருக்கிறார். பக்கத்து ஊர்ச் சனியன் விட்டது என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் டவுன் பஸ் மாதிரி போய் ஆடிவிட்டு வரும் ஆட்டத்துக்கு, இரண்டு பஸ்ஸும் வரிசையாக டோல் கட்டிக்கொண்டு சென்னை வரை வந்திருக்கின்றன. சீனுவாசன் சார் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அம்சா ரெய்டு வந்தாள். எங்கள் ஆளைத் தொட்டுவிட்டு, ரப்பர் தரையில் அரை நொடி சறுக்கினாள். மண் தரையாக இருந்தால் பறந்திருப்பாள். நான் அவள் கணுக்காலைக் கட்டிக்கொண்டேன். விசில் அடித்த பிறகும் விடவில்லை.

"விடுடி, ஜெயிச்சுட்டே" என்றாள்.

தாளாளர்கள் இருவரும் ஆளுயரக் காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். நான் தூக்கை எடுத்துக்கொண்டு அம்சாவைத் தேடிப் போனேன். அவள் வெளியே, அவர்கள் பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கடி உன் மல்லாட்டை?"

"எடுத்துக்கினு வரல" என்றாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கிக் கேட்டேன். பிறகு என் தூக்கை வெடுக்கென்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதையே உரிக்கிறேன். கைய நீட்டு."

ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அவித்த மல்லாட்டையை நானே தின்பது இதுதான் முதல் முறை. வாயில் போட்டு மென்றேன்.

உப்பே இல்லை.

அம்சா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிடி இருக்குது?"

"செமையா இருக்குது" என்று சொல்லி, அடுத்ததுக்குக் கையை நீட்டினேன்.