கட்டைவிரலில் கட்டிய கயிறு

க்ளெமான்ஸ் அம்மா காலையிலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஒரு கை, மடியில் ஒரு கை. அசைந்தால் அவள் நீலக் கவுனில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற விதம் மாறிவிடுமாம். அவள் புருஷன் அன்செல்ம் ஐயா அப்படிச் சொல்லிவிட்டுத் தூரிகையோடு நின்றார். வீட்டில் தாயும் பிள்ளையும் இருக்கிற படம். வீட்டில் இருக்கிற தாய்க்கு உட்கார ஏது நேரம்? அவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தவள் சமையற்காரி நான்.

தொட்டில் ஆடாவிட்டால் குழந்தை விழித்துவிடும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கால் கட்டைவிரலில் கயிறு, மறுமுனை தொட்டிலில். கவுனுக்கு அடியில் விரல் மடங்கி நிமிரும், தொட்டில் ஆடும். படத்தில் கால் வராது.

அந்த நேரம் பார்த்து ரூவான் துறைமுகத்திலிருந்து ஐயாவின் அப்பா வந்து இறங்கினார். கப்பல்களுக்குக் கயிறு திரிக்கும் பட்டறைக்காரர். மகன் ஒரு தையற்காரியைக் கட்டிக்கொண்ட கோபத்தில் அன்றுவரை இந்த வாசலை மிதிக்காதவர். அவர் வாயால் ஒரு தடவை மருமகள் என்று கூப்பிட்டால் போதும் என்று க்ளெமான்ஸ் அம்மா என்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறாள். இப்போது எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

"வாங்க மாமா," என்றாள், உதடு அசையாமல்.

"இவளுக்கு என்ன, பல்வலியா?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"படத்துக்கு உக்காந்திருக்காங்க ஐயா."

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க கறுப்புக் கோட்டு வெளிச்சத்தைக் குடிக்குது," என்றார் மகன்.

"பெத்தவன் வந்திருக்கேன், கோட்டப் பத்திப் பேசறான்." முணுமுணுத்தபடி நகர்ந்து படத்தை எட்டிப் பார்த்தார். "எங்கடா அவ பிள்ள?"

"அந்த வெள்ளத் துணிக்குள்ள."

"இந்த ரோஸ் தீத்தலா? மூக்கு எங்க?"

"இங்கேருந்து மூக்கு தெரியல. தெரியறதத்தான் போடுவேன்."

"என் முதுகுகூட எனக்குத் தெரியல. அதுக்காக இல்லாமப் போச்சா? சரி, நெசப் பிள்ளயக் காட்டு."

"துணியத் தூக்கினா மடிப்பு கலைஞ்சிடும். வெளிச்சம் போனப்புறம் பாருங்க."

பெரியவர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். கண் தரையில் மேய்ந்து கயிற்றில் போய் நின்றது. குனிந்து இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினது?"

"வாங்கல மாமா. சர்க்கரப் பொட்டலம் கட்டி வந்தது."

அவர் முகம் சிவந்தது. "ரூவான் துறையில பாதிக் கப்பல் என் கயித்துல நிக்குது. என் பேரன் தொட்டில் பொட்டலக் கயித்துல ஆடுதா?"

சுண்டி இழுத்தார். அறுந்தது. விரலும் சேர்ந்து இழுபட அவள் துள்ளினாள். குழந்தை அலறியது.

என் பேரன் என்று சொன்னது அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. எழுந்தாள்.

"க்ளெமான்ஸ், உக்காரு. நீலம் இன்னும் முடியல."

"நீங்களே கவுன மாட்டிக்கிட்டு உக்காருங்க." துணியை விலக்கிப் பிள்ளையை ஈரத்தோடு தூக்கிப் பெரியவர் கையில் கொடுத்தாள்.

அவர் மூக்கைத்தான் முதலில் பார்த்தார். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற உருளைக்கிழங்கு மூக்கு. "எங்க மூக்கேதான்," என்றார்.

"நல்ல கயிறு அனுப்பறேன்."

"யார் பேருக்கு மாமா?" என்றாள் அவள், ஒற்றைக் காலில் நின்று விரலை நீவிக்கொண்டே.

பெரியவர் செருமினார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் உதவவில்லை.

"மருமக பேருக்குத்தான். வேற யாருக்கு? இவனுக்கு அனுப்பினா அதையும் வரைய எடுத்து வச்சுக்குவான்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் போகவில்லை. அது அவள் சொந்த விஷயம்.

அன்செல்ம் ஐயா மட்டும் காலி நாற்காலியையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஃபிலோமென், நீ வந்து உக்காரு. கை மட்டும் போதும்."

"வெங்காய நாத்தம் அடிக்குது ஐயா."

"நாத்தம் படத்துல வராது."

உட்கார்ந்தேன். அடுப்பில் சூப் தீய்கிற வாசனை எல்லோருக்கும் எட்டியது. பெரியவர் பிள்ளையோடு இருந்தார், மருமகள் பெரியவரோடு இருந்தாள், எனக்கோ அசைய உத்தரவு இல்லை.