பதினான்காம் கேள்விக்கு விடை

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்காக ஷாமினி சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து ரயிலேறிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். வங்கி வேலை, வயது முப்பத்திரண்டு. அங்கே ஒரு கடையின் மேல்மாடியில் கமலநாதன் வகுப்பு நடத்தினார். டை கட்டியிருப்பார். எதிர்த்துக் கேட்டால் பிடிக்காது.

நான்காவது வாரம் பதினான்காம் கேள்வி வந்தது. 'கனமழை பெய்தால் ரயில் தாமதமாகும்' என்கிறார் ஒருவர். இந்த வாதத்தைப் பலவீனமாக்குவது எது?

"மழையே இல்லாத நாள்லயும் ரயில் லேட்டாச்சு. 'ஏ'தான் ஆன்சர்," என்றார் கமலநாதன்.

ஷாமினி கையைத் தூக்கினாள். "இல்ல சார். மழை இல்லாட்டி லேட்டாகாதுன்னு அவரு சொல்லவே இல்லையே. கனமழை பெஞ்சும் ரயில் டைமுக்கு வந்துச்சுன்னு 'சி'ல இருக்கு. அதுதான் அவரு பேச்ச உடைக்கும். புக்குக்குப் பின்னாலயும் 'சி'ன்னுதான் இருக்கு."

"பதினெட்டு வருஷமா சொல்லிக் குடுக்கிறேன்மா. அது பிரிண்டிங் மிஸ்டேக். எல்லாரும் வெட்டிட்டு 'ஏ'ன்னு எழுதுங்க."

வகுப்பிலிருந்த மற்றப் பன்னிரண்டு பட்டதாரிகளும் எழுதினார்கள். சரியாக அச்சான விடையைத் தங்கள் கையாலேயே தப்பாக்கினார்கள். பக்கத்து நாற்காலியில் பிரவின். சுபாங் ஜெயாவில் பொறியாளன். அடிக்கோல் வைத்து நேராக வெட்டினான்.

"விடுங்கக்கா. சார் கோவிச்சுக்குவாரு லா."

கமலநாதனுக்குத் தெரியவில்லை, அதோடு போயிற்று. பிரவினுக்கு 'சி'தான் சரியென்று தெரிந்திருந்தது. ஷாமினி அதற்குமேல் அங்கே உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பிறகு வீட்டிலேயே படித்தாள். நான்கு மாதத்தில் தேர்வில் தேறினாள்; எம்.பி.ஏ. இடமும் கிடைத்தது. ஃபேஸ்புக்கில் அதைச் சொல்லித் தன் படம் போட்டாள். மறுநாள் அதே படம் கமலநாதனின் பக்கத்தில். மேலே கொட்டை எழுத்தில்: 'எங்களிடம் படித்தால் வெற்றி நிச்சயம்!'

போன் செய்தாள். "நாலு கிளாஸ்தான் சார் வந்தேன். படத்த எடுத்துடுங்க."

"நாலோ நாப்பதோ, நம்ம ஸ்டூடன்ட்தானம்மா? பெருமப்படு."

"உங்க கிளாஸ விட்டு நின்னதாலதான் பாஸானேன்."

"அதுக்கு என்ன ப்ரூஃப்?"

அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான கேள்வி அதுதான். அவளிடம் ஆதாரம் இல்லை. தான் வெளியே படித்துத் தேறியது, மழையில்லாத நாளில் தாமதமான ரயில் மாதிரி, அவருடைய விளம்பரத்தை அசைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, அவர் போட்ட படத்தின் கீழே ஒரே வரி எழுதினாள்: 'இவரிடம் முழுசாகப் படித்தும் தேறாதவர்கள் யாராவது உண்டா?'

ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் 'நான்' என்று எழுதினார்கள். ஒருவர் மூன்று முறை படித்தாராம்.

மாலைக்குள் பதிவைத் தூக்கிவிட்டார்கள். கமலநாதன் இருமுறை அழைத்தார். ஷாமினி எடுக்கவில்லை.